ஒரே நிமிடம், ஒரே ட்வீட்: உளவுத்துறை விட்டுச்சென்ற தடயம்

"அரசாங்கத்து ஆட்களே போலிக் கணக்கு வைத்துக்கொண்டு மக்களைப் போல எழுதினால், அதைக் கண்டுபிடிக்க முடியுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். முடியும். தென்கொரியாவில் நடந்தே இருக்கிறது.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1961 ராணுவப் புரட்சிக்குப் பின் உருவான தென்கொரிய உளவுத்துறையான கேசிஐஏ, 1973இல் எதிர்க்கட்சித் தலைவர் கிம் டே-ஜுங்கை டோக்கியோவிலிருந்து கடத்திய அமைப்பு. இரண்டு முறை பெயர் மாறி 1999இல் என்.ஐ.எஸ். (தேசிய உளவுத்துறை) ஆனது. பழைய புத்தி முழுதாகப் போகவில்லை. 2012 அதிபர் தேர்தலின்போது அதன் உளவியல் போர்ப் பிரிவினர், ஆளுங்கட்சி வேட்பாளர் பார்க் கியூன்-ஹேவுக்கு ஆதரவாகவும் எதிர்க்கட்சி வேட்பாளர் மூன் ஜே-இன்னுக்கு எதிராகவும் இணையத்தில் எழுதித் தள்ளினார்கள். வாக்குப்பதிவுக்கு எட்டு நாள் முன்பு, சியோலின் கங்னம் பகுதியில் ஒரு பெண் உளவு அலுவலர் வீட்டிலிருந்தே இப்படி எழுதுகிறார் என்று சந்தேகித்து, அவர் வாசலில் எதிர்க்கட்சியினர் கூடிவிட்டார்கள். அவர் உள்ளே பூட்டிக்கொண்டார். விவகாரம் வெடித்தது. வழக்கு நடந்தபோதுதான் உளவுத்துறை நடத்திய ட்விட்டர் கணக்குகளின் பட்டியல் வெளியே வந்தது: ஆயிரத்துக்குக் கொஞ்சம் கூட.

அப்புறம்தான் எனக்குப் பிடித்த கட்டம். ஆய்வாளர்கள் அந்தக் கணக்குகளைச் சாதாரணக் கொரியர்களின் கணக்குகளோடு ஒப்பிட்டார்கள். அவை என்ன சொல்லின என்பதை விட, எப்போது சொல்லின என்பதே காட்டிக்கொடுத்தது. சாதாரண ஆள் வேலை முடிந்து, ராத்திரியில், ஞாயிற்றுக்கிழமையில் அரசியல் பேசுவார். இந்தக் கணக்குகளோ வேலை நாளில், அலுவலக நேரத்தில்தான் சுறுசுறுப்பாக இருந்தன. சம்பளத்துக்குச் செய்கிற தேசபக்தி அல்லவா!

இதைவிட அழகான தடயம் ஒன்று உண்டு. இரண்டு கணக்குகள் ஒரே வாசகத்தை ஒரு நிமிட இடைவெளிக்குள் போட்டால், அவற்றுக்கு இடையே ஒரு கோடு வரையுங்கள். ஒரே பதிவை ஒரே நேரத்தில் ரீட்வீட் செய்தாலும் கோடுதான். இது தற்செயலாக நடக்காதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளில் 1,440 நிமிடங்கள். இரண்டு பேர் ஒரே பதிவை அன்றைக்குள் ஏதோ ஒரு நேரத்தில் பகிர்கிறார்கள் என்றால், ஒரு நிமிட வித்தியாசத்துக்குள் விழும் வாய்ப்பு ஏறக்குறைய 720இல் ஒன்று. ஒருமுறை நடக்கலாம். அதே இருவருக்குப் பத்து முறை நடக்க வேண்டுமென்றால், ஒன்றுக்குப் பின் 28 சுழியம் போட்ட எண்ணைவிடப் பெரிய எண்ணில் ஒரு பங்குதான் வாய்ப்பு.

சரி, இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. மனிதர்கள் குலுக்கல் சீட்டு மாதிரி நடந்துகொள்வதில்லை. பெரிய செய்தி வந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்வார்கள். அதனால்தான் ஒப்பீடு அவசியம். சாதாரணப் பயனர்களிடையே கோடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் விழுகின்றன. உளவுத்துறைக் கணக்குகளிடையே அவை வலையாகப் பின்னிக்கொள்கின்றன. பட்டியலில் இல்லாத சந்தேகக் கணக்குகளும் அந்த வலையில் சிக்கின.

இது ஏன் நடந்தது என்பதுதான் சுவாரசியம். என்ன எழுத வேண்டும் என்று மேலிருந்து தினமும் உத்தரவு வந்தது. ஒவ்வொருவரும் பல கணக்குகளைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி குணம், தனி நடை யோசிக்க எந்த அரசு ஊழியருக்குப் பொறுமை? வெட்டி ஒட்டினார்கள். நம்பிக்கையால் எழுதுகிறவர் ஆளுக்கொரு விதமாக உளறுவார். உத்தரவுக்கு எழுதுகிறவர்களால் அந்தக் குழப்பத்தைப் போலி செய்ய முடியவில்லை.

அப்போதைய என்.ஐ.எஸ். இயக்குநர் வொன் செ-ஹூனுக்கு வழக்கு மேலும் கீழுமாக இழுபட்டு, 2018இல் நான்காண்டு சிறை உறுதியானது. 2020 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டு, உள்நாட்டு உளவு வேலை கத்தரிக்கப்பட்டது. கம்யூனிச எதிர்ப்பு வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் 2024 ஜனவரி முதல் போலீசுக்குப் போனது. நாடாளுமன்ற உளவுக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கினர் கேட்டால், குறிப்பிட்ட விஷயத்தில் இயக்குநர் அறிக்கை தந்தாக வேண்டும்.

என் குறை இதுதான்: என்ன கேட்பது என்று அந்தக் குழுவுக்குத் தெரிய வேண்டுமே? அதற்கு மேலே சொன்ன மாதிரிக் கோடு வரையத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், அவர்கள் கையில் தரவும் இருக்க வேண்டும். ட்விட்டரோ 2023இல் ஆய்வாளர்களுக்குத் தந்துவந்த இலவச அணுகலை நிறுத்திவிட்டது. இன்று இதே ஆய்வைச் செய்ய ஒரு பல்கலைக்கழக மாணவர் கிளம்பினால், முதலில் நிதி கேட்டு விண்ணப்பம் எழுத வேண்டியிருக்கும்.