மூளை அறியாமல் அசையும் கால்: முண்ணாண் காயம் பற்றி வீட்டிலுள்ளோர் அறியவேண்டியவை

போர்வையை நான் விலக்கியதும், கட்டிலில் படுத்திருந்த இளைஞனின் வலது முழங்கால் சட்டென்று மடங்கி, நடுங்கியபடி மெல்ல நீண்டது. "பிள்ளை, பாத்தியளோ, கால் அசையுது. ஒரு கிழமையா இப்பிடித்தான். இவன் எழும்பிடுவான்" என்று அருகில் நின்ற தாய் என் கையைப் பற்றிக்கொண்டார். தென்னையிலிருந்து விழுந்து நெஞ்சு மட்டத்தில் முள்ளந்தண்டு முறிந்த அவனுக்கு அப்போது இரண்டு மாதம் கடந்திருந்தது. "தம்பி, இப்ப நீயா மடக்கிப் பார்" என்றேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றான், கால் அசையவில்லை. நான் உள்ளங்காலை விரலால் உரசியதும் அதே கால் மீண்டும் மடங்கியது, ஆனால் உரசியதை அவன் உணரவில்லை.

வன்னியில் வீடு வீடாகச் சென்று பணிபுரியும் இயன்மருத்துவர் என்ற முறையில், இந்த அசைவைக் கண்டு குடும்பங்கள் நம்பிக்கை கொள்வதையும், பின்னர் மனமுடைந்து பராமரிப்பையே தளரவிடுவதையும் பல தடவைகள் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அந்தக் கால் ஏன் அசைந்தது என்பதை விளங்கப்படுத்த விரும்புகிறேன்.

மூளையும், முள்ளந்தண்டின் உள்ளே ஓடும் முண்ணாணும் சேர்ந்ததே மைய நரம்புத்தொகுதி. வளர்ந்த ஒருவரின் மூளை ஏறத்தாழ 1.4 கிலோகிராம் நிறையுடையது. நினைவு, பேச்சு, விரும்பிச் செய்யும் அசைவு ஆகியவை மூளையின் பெரும்பகுதியான மூளையத்துக்கும், சமநிலை பின்புறமுள்ள மூளிக்கும், சுவாசமும் இதயத் துடிப்பும் மூளையின் அடியிலுள்ள நீள்வளைய மையவிழையத்துக்கும் உரியவை. அதன் தொடர்ச்சியாகக் கீழிறங்கும் முண்ணாண், சின்னிவிரல் அளவு தடிப்பும் ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் நீளமும் கொண்டது. என்புகளும் மூன்று மென்சவ்வுகளும் அவற்றிடையே நிறைந்த பாய்பொருளும் அதைக் காக்கின்றன. அதிலிருந்து 31 சோடி நரம்புகள் புறப்பட்டு, கழுத்துக்குக் கீழான உடல் முழுவதையும் மூளையுடன் இணைக்கின்றன.

நம்மவர்கள் இதனை "முதுகு நரம்பு" என்றும், காயம்பட்டால் "நரம்பு அறுந்துபோச்சு" என்றும் சொல்வார்கள். மின்கம்பி அறுந்தால் விளக்கு அணைவது போலத்தான் பெரும்பாலானோர் இதை நினைக்கிறார்கள். முண்ணாணின் வெளிப்புறமாக அமைந்த வெண்ணிறப் பகுதிக்கு இந்த உவமை பொருந்தும். மேலும் கீழுமாகச் செய்தி செல்லும் நார்கள் அங்கேதான் இருக்கின்றன. உள்ளே வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் நரைநிறப் பகுதியோ நரம்புக்கலங்களால் ஆனது. அது மூளையைக் கேளாமலே சில முடிவுகளை எடுக்கக்கூடியது. காலில் உடைமுள் குத்தியவுடன், வலியை நாம் உணர்வதற்கு முன்பே கால் உயர்ந்துவிடுவது இந்தப் பகுதியின் வேலை. இதனைத் தெறிவினை என்கிறோம்.

காயத்துக்குப் பின் சில நாட்களோ சில வாரங்களோ, காயத்துக்குக் கீழுள்ள முண்ணாண் அதிர்ச்சியில் செயலிழந்திருப்பதால் கால்கள் துவண்டு கிடக்கும். அதன்பின் தெறிவினைகள் திரும்பும்போது, அவற்றை அடக்கிவைக்கும் மூளையின் கட்டளை கீழே வந்து சேராததால், போர்வை உரசினாலே கால் துள்ளும். ஒருவர் தாம் நினைத்த நேரத்தில் நினைத்த விரலை அசைப்பதும், கண்ணை மூடியிருக்கையில் எங்கே தொட்டோம் என்று சொல்வதும்தான் செய்தி மேலும் கீழும் போய்வருகிறது என்பதற்கு அடையாளம். இதை அந்தத் தாயிடம் சொல்வது எனக்கு எளிதாக இருக்கவில்லை. இருந்தும், சொல்லாமல் வருவது அவருக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

துள்ளல் திடீரென்று அதிகரித்தால் அதை ஓர் எச்சரிக்கையாகக் கொள்ளவேண்டும். சிறுநீர்ப் பையில் கிருமித்தொற்றோ, மலச்சிக்கலோ, கண்ணுக்குத் தெரியாத புண்ணோ, உள்ளே வளர்ந்த கால்நகமோ இருக்கலாம். வலியென்று சொல்ல வழியற்ற உடல் துள்ளிக் காட்டுகிறது.

இதே காரணத்தால் உயிருக்கே ஆபத்தாகும் நிலை ஒன்றும் உண்டு. நெஞ்சுப் பகுதியின் 6 ஆம் முள்ளென்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயமடைந்தவர்களில், நிரம்பிய சிறுநீர்ப் பை அனுப்பும் செய்தி மூளையை எட்டாமல், காயத்துக்குக் கீழுள்ள குருதிக் குழாய்களை இறுக்கிவிடும். குருதி அமுக்கம் திடீரென ஏறும். தலை பிளப்பது போல் வலிக்கும். முகம் சிவந்து வியர்க்கும். கழுத்து மட்டத்தில் ஷெல் துண்டு பட்ட ஒருவருக்கு இப்படி வந்தபோது, வீட்டார் தைலம் பூசிப் படுக்கவைத்திருந்தனர். நான் போய் அவரை நிமிர்த்தி உட்காரவைத்துப் பார்த்தபோது, சிறுநீரை வெளியேற்றச் செருகியிருந்த சலக்குழாய் தொடைக்கு அடியில் மடிந்து கிடந்தது. மடிப்பை எடுத்துவிட்டதும் குழாயின் முனையில் சிறுநீர் சேரும் வெளிப்பை நிறையத் தொடங்கியது, சிறிது நேரத்தில் தலைவலியும் தணிந்தது. இந்நிலையில் நோயாளியை ஒருபோதும் படுக்கவைக்கக்கூடாது. உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, குழாயைப் பார்த்து, உடனே தணியாவிட்டால் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். தாமதித்தால் மூளையில் குருதிக்கசிவு ஏற்படலாம்.

படுக்கைப்புண்ணும் இதே கதைதான். நாம் உறக்கத்தில்கூட அடிக்கடி புரள்கிறோம். அழுந்தும் தோலின் முறைப்பாடு மூளையை எட்டுவதே காரணம். எட்டாதபோது, வெளியே ஒரு ரூபாய்க் குற்றியளவு சிவந்திருக்கும் இடத்தின் கீழ் தசை என்புவரை அழுகியிருக்கலாம். ஜேர்மனியிலிருந்து இங்கிலாந்துக்குத் தஞ்சம் புகுந்த லுட்விக் குட்மன் என்ற வைத்தியர், 1944 இல் ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையில் முண்ணாண் காயப் பிரிவைத் தொடங்கியபோது, இத்தகைய போர்க்காயம் பட்டோர் புண்ணாலும் சிறுநீரகத் தொற்றாலுமே பெரும்பாலும் இறந்துகொண்டிருந்தனர். இரவும் பகலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அவர்களைப் புரட்டவைத்தது அவர் செய்த பெரும் மாற்றங்களில் ஒன்று. இந்த ஒழுங்கைச் சாக்குக் கட்டிலிலும் கடைப்பிடிக்கலாம். சக்கர நாற்காலியில் இருப்பவர் 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒரு தடவை கைகளை ஊன்றித் தன்னை உயர்த்தவேண்டும். நாள்தோறும் கண்ணாடி பிடித்துப் பின்புறத்தைப் பார்க்கவேண்டும்.

போர் முடிந்து இத்தனை ஆண்டுகளாகியும் வன்னியில் புதிய முண்ணாண் காயங்கள் நின்றபாடில்லை. பனை, தென்னை, கட்டாத கிணறு, ஏ9 வீதி, கவிழ்ந்த உழவு இயந்திரம் என்று காரணங்கள் மாறியிருக்கின்றன. முண்ணாணின் நார்கள் கை கால் நரம்புகளைப் போல மீண்டும் வளர்வது அரிது என்பதால், விழுந்த இடத்தில் நடப்பதே மீதி வாழ்க்கையைப் பெருமளவு தீர்மானிக்கிறது. என்பு முறிந்தும் முண்ணாண் அறுபடாதிருக்கும் ஒருவரை, கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி, முச்சக்கரவண்டியில் மடக்கி இருத்திக் கொண்டுசெல்வது, தப்பியிருந்த நார்களையும் நசுக்கிவிடக்கூடும்.

ஆகவே விழுந்தவரை எழுப்பி உட்காரவைக்கவேண்டாம். தண்ணீர் பருக்கவும் வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழைத்து, அம்புலன்ஸ் வரும்வரை ஒருவர் தலைமாட்டில் முழந்தாளிட்டு, இரு கைகளாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளவேண்டும். நெருப்போ வேறு ஆபத்தோ இருந்து நகர்த்தியே ஆகவேண்டுமானால், தலை, தோள், இடுப்பு, கால் ஆகியவற்றை நால்வர் பிடித்து, ஒருவர் சொல்ல எல்லோரும் ஒரே நேரத்தில் மரக்குற்றியை உருட்டுவது போல் உருட்டி, கழற்றிய கதவுப் பலகையில் கிடத்தலாம். காத்திருக்கும்போது கால்விரலை அசைக்கச் சொல்லுங்கள். பாதத்தைத் தொட்டு, தெரிகிறதா என்று கேளுங்கள். விடையை நேரத்துடன் குறித்துக்கொண்டு, வரும் அம்புலன்ஸ் ஊழியரிடம் சொல்லுங்கள். விழுந்தவுடன் அசைந்த விரல் வைத்தியசாலையில் அசையவில்லை என்றால், இடையில் ஏதோ மோசமாகியிருக்கிறது என்பதை வைத்தியர் அந்தக் குறிப்பிலிருந்துதான் அறிவார்.