குழந்தை பிறந்துவிட்டது, இடுப்பு மூட்டு இன்னும் முடியவில்லை

பினாங்கில் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். பிறை, பட்டர்வொர்த், ஜெலுத்தோங் என்று பல பக்கங்களிலிருந்தும் நம் குடும்பங்கள் வருகின்றன. இடுப்பு மூட்டு விலகியிருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "பிறக்கும்போது கை கால் எல்லாம் நல்லாத்தானே இருந்தது, அப்புறம் எப்படி?" இதற்குப் பதில் சொல்ல, தாயின் வயிற்றில் அந்த மூட்டு உருவான நாட்களுக்குப் போக வேண்டும்.

கரு உண்டாகி நான்கு வாரம் ஆகும்போது கால்கள் இரண்டு சின்ன மொட்டுகளாகத் தலைகாட்டுகின்றன. தொடை எலும்பின் உருண்டைத் தலையும், அது உட்காரும் இடுப்புக் குழியும் வேறு வேறு இடத்தில் உருவாகிப் பிறகு வந்து சேர்வதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இரண்டும் ஒரே திசுத் திரளிலிருந்து வருபவை. ஏழாவது வார வாக்கில் அந்தத் திரளின் நடுவே ஒரு மெல்லிய பிளவு விழுகிறது. பிளவுக்கு ஒரு பக்கம் குழி, மறு பக்கம் தலை. பதினோராவது வாரத்தில் மூட்டு முழு வடிவத்துக்கு வந்துவிடும். அப்போது தொடை எலும்புத் தலையின் குறுக்களவு சுமார் 2 மில்லிமீட்டர்தான். அம்மா வயிறு வெளியே தெரியத் தொடங்கும் முன்பே இவ்வளவும் நடந்து முடிந்திருக்கும்.

இதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு முக்கியம். கொழுக்கட்டை மாவில் கட்டைவிரலை வைத்து அழுத்திச் சுழற்றினால் குழி எப்படி விழுகிறதோ, அப்படித்தான் இடுப்புக் குழியும் ஆழமாகிறது. தலை சரியான இடத்தில் உட்கார்ந்து அசைந்துகொண்டே இருந்தால் குழி அதைச் சுற்றி வட்டமாக வளரும். தலை ஓரத்துக்கு நகர்ந்துவிட்டால் குழி தட்டையாகிப் போகும். வயிற்றில் குழந்தை உதைப்பது வெறும் விளையாட்டு இல்லை. ஒவ்வொரு உதையும் மூட்டுக்கு வடிவம் கொடுக்கிறது.

கர்ப்பத்தின் பிற்பகுதியில் தொடை எலும்புத் தலை வேகமாக வளர்கிறது, குழியின் ஆழம் அதற்கு ஈடு கொடுப்பதில்லை. அதனால் வயிற்றில் நடுமாதங்களில் இருந்ததைவிட, பிறக்கும் நேரத்தில்தான் குழி தலையைக் குறைவாக மூடியிருக்கிறது. பிறப்புப் பாதையில் கால்கள் வளைந்து கொடுக்க இது உதவும் என்று விளக்கம் சொல்வார்கள். ஆனால் மூட்டு நழுவ மிக எளிதான நேரமும் இதுதான். பிறந்த பிறகு குழி மறுபடியும் ஆழமாகத் தொடங்குகிறது. முதல் சில மாதங்களில் அந்த வளர்ச்சி மிக வேகம். குழியை உருவாக்கும் மூன்று எலும்புகளும் முழுமையாக ஒன்று சேர்வது பதின்ம வயதில்தான்.

கடைசி நான்கு வாரங்களில் வயிற்றுக்குள் இடம் குறைந்துவிடும். குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் பிட்டம் கீழே இருந்தால், அதாவது கிளினிக்கில் மிஸி (நர்ஸ்) 'சொங்சாங்' என்று சொல்லும் நிலையில் இருந்தால், இடுப்பின் மேல் அழுத்தம் அதிகம். முழங்கால்களை மடக்காமல் நீட்டியபடி இருக்கும் குழந்தைக்கு இன்னும் அதிகம். தலைப்பிரசவத்தில் கருப்பை இன்னும் இளகியிருக்காது. பனிக்குட நீர் குறைவாக இருந்தாலும் அசைய இடமிருக்காது. தாயின் உடலில் தசைநார்களைத் தளர்த்தும் ஹார்மோன் பெண் சிசுக்களைக் கூடுதலாகப் பாதிப்பதாகக் கருதுகிறார்கள். பாதிக்கப்படும் குழந்தைகளில் பெரும்பாலோர் பெண்கள். இடது இடுப்பே அதிகம் விலகுவதற்கும் ஒரு காரணம் சொல்கிறார்கள்: பெரும்பாலான குழந்தைகள் வயிற்றில் இருக்கும் வாட்டத்தில் இடது கால்தான் தாயின் முதுகெலும்பை ஒட்டி ஒடுங்குகிறது.

சரி, பிறந்த பிறகு நம் வீடுகளில் என்ன நடக்கிறது? எண்ணெய் தேய்த்து, வெந்நீரில் குளிப்பாட்டி, கால்களை நீவி நேராக இழுத்து, துணியில் இறுகச் சுற்றுகிறோம். மலாய்க்காரர் வீடுகளில் பெடோங். கால் வளையாமல் இருக்க வேண்டும், குழந்தை திடுக்கிட்டு விழிக்காமல் தூங்க வேண்டும் என்ற அன்பில் செய்வதுதான். அந்த அன்பை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு பாட்டி என் மெத்தையில் குழந்தையைக் கிடத்தித் துணியைப் பிரித்ததைப் பார்த்திருக்க வேண்டும். கடைசிச் சுற்று விலகியதுதான் தாமதம், குழந்தை முழங்கால் இரண்டையும் மடக்கி வயிற்றுப் பக்கம் இழுத்துப் பக்கவாட்டில் விரித்தது. வலது முழங்கால் கிட்டத்தட்ட மெத்தையைத் தொட்டது. இடது பாதி வழியிலேயே நின்றுவிட்டது. நான் மெல்ல விரித்துப் பார்த்தேன், அதற்கு மேல் வரவில்லை. குழந்தை அழவே இல்லை. இந்த வயதில் விலகிய இடுப்பு வலிக்காது. வீட்டில் யாரும் கண்டுபிடிக்காமல் போவதற்கு அதுதான் காரணம்.

"எங்க பிள்ளைங்க எல்லாரையும் இப்படித்தான் கட்டி வளத்தோம், யாருக்கும் ஒன்னும் ஆகலையே மிஸி" என்றார் பாட்டி. உண்மைதான். பிறந்தபோது தளர்வாக இருக்கும் இடுப்புகளில் பெரும்பாலானவை சில வாரங்களில் தாமாகவே இறுகிவிடும். ஓரத்தில் நிற்கும் மூட்டைத்தான் நேராகக் கட்டிய துணி வெளியே தள்ளுகிறது, அது எந்தக் குழந்தையின் மூட்டு என்று வெளியே பார்த்தால் தெரியாது. ஜப்பானில் 1975இல் குழந்தைகளின் கால்களை நீட்டிக் கட்ட வேண்டாம் என்று நாடு முழுக்க எடுத்துச் சொன்னார்கள். அதன் பிறகு இடுப்பு விலகல் அங்கே வெகுவாகக் குறைந்தது.

நம்மிடமே இதற்கு நல்ல பழக்கம் ஒன்று இருக்கிறது. கழுத்து நின்று, முதுகு கொஞ்சம் உறுதியானதும் குழந்தையை ஒக்கலில் வைத்துத் தூக்குவோமே, தொடைகள் விரிந்து, முழங்கால் மடங்கி நம் இடுப்பைக் கட்டிக்கொள்ளும் அந்த நிலை மூட்டுக்கு மிக நல்லது. குழந்தையை அப்படிச் சுமக்கும் சமூகங்களில் இந்தக் குறை அரிது. சுற்றித்தான் ஆக வேண்டுமென்றால் கைகளையும் மார்பையும் சுற்றுங்கள், இடுப்புக்குக் கீழே துணி தொளதொளவென்று இருக்கட்டும். ஸ்பிரிங் தொட்டிலைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். தொட்டிலைவிட, அதில் போடும் முன் கால்களைக் கட்டுவதுதான் என் கவலை.

ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் இடுப்பு ஸ்கேன் எடுக்கிறார்கள். இங்கே அந்த வழக்கம் இல்லை. டாக்டர் கையால் பரிசோதிப்பார், சந்தேகம் இருந்தால் ஸ்கேனுக்கு அனுப்புவார். ஆகவே கேட்க வேண்டியது நாம்தான். தொடை எலும்புத் தலை முதல் சில மாதங்களுக்குக் குருத்தெலும்பாகவே இருப்பதால் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. அந்த வயதில் அல்ட்ராசவுண்டுதான் சரி, ஆறு வாரம் அதற்கு நல்ல நேரம். அப்போதே தெரிந்தால் கால்களை மடக்கி விரித்து வைக்கும் பாவ்லிக் வார்ப்பட்டையைச் சில வாரங்கள் போட்டாலே பெரும்பாலும் குழி சரியாக வளர்ந்துவிடும். நடக்கத் தொடங்கி, குழந்தை சாய்ந்து சாய்ந்து நடப்பதைப் பார்த்து வந்தால் மயக்க மருந்து, மாவுக்கட்டு, பல சமயம் அறுவை சிகிச்சை. கவனிக்காமலே விட்டால் இளவயதிலேயே மூட்டுத் தேய்மானம்.

சிசேரியனில் பிறந்த குழந்தைகளின் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. சொங்சாங்காக இருந்ததால்தான் ஆபரேஷன் செய்தார்கள், அதனால் இடுப்புக்கு ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள். அழுத்தம் விழுந்தது பிரசவத்தில் மட்டுமல்ல, அதற்கு முந்தைய வாரங்களிலும்தான். கடைசி மாதங்களில் பிட்டம் கீழே இருந்து, பிறகு தானாகவே திரும்பிச் சுகப்பிரசவம் ஆன குழந்தைக்கும் இது பொருந்தும். கர்ப்பகாலப் பரிசோதனைகளை எழுதிவைக்கும் உங்கள் பிங்க் புத்தகத்தைத் திறந்து அந்த மாதங்களில் குழந்தை எப்படி இருந்தது என்று பாருங்கள். குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் இடுப்பு விலகியிருந்ததா என்று மாமியாரிடமும் அம்மாவிடமும் கேளுங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் முதல் மாதப் பரிசோதனைக்குப் போகும்போதே கிளினிக் கெசிஹாத்தான் (அரசு சுகாதார நிலையம்) டாக்டரிடம் அதைச் சொல்லி, இடுப்பு ஸ்கேனுக்குக் கடிதம் கேளுங்கள்.