பக்கம் ஏன் முதுகோரத்தில் கிழிகிறது?

பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்து மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள். ஸ்கேல் வைத்த மாதிரி நேராகக் கிழியும். அதையே குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாக எங்கெங்கோ போகும். நான்கு வயதுக் குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து இதைச் செய்தால், அடுத்த தாளை அதுவே கேட்டு வாங்கிக்கொள்ளும். 'புத்தகத்தைக் கிழிக்காதே' என்று ஓயாமல் சொல்வதைவிட இந்த ஐந்து நிமிடத்தில் குழந்தை அதிகம் கற்றுக்கொள்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

காகிதம் என்பது செல்லுலோஸ் என்ற தாவர நார்ப்பொருளின் இழைகள் சேர்ந்த பின்னல். ஆலையில் ஓடும் வலையின் மீது கூழ் பாயும்போது, பெரும்பாலான இழைகள் ஓட்டத்தின் திசையிலேயே படிந்துவிடுகின்றன. அந்தப் போக்கில் கிழித்தால் சுலபம். குறுக்கே கிழிக்க இழைகளையே அறுக்க வேண்டும். நன்றாகத் தயாரித்த புத்தகங்களில் இழையோட்டம் முதுகுக்கு, அதாவது பக்கங்களைச் சேர்த்துக் கட்டிய ஓரத்துக்கு, இணையாக இருக்கும். பக்கம் மடங்காமல் வளைந்து புரள்வது அதனால்தான். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. ஒன்றரை வயதுக் குழந்தை பக்கத்தை விரல் நுனியால் பிடிக்காது. உள்ளங்கையால் நடுவில் அள்ளி, இரண்டு மூன்று பக்கங்களைச் சேர்த்தே இழுக்கும். அந்த இழுப்பு முழுக்க முதுகோரத்தில் போய் நிற்கிறது. அங்கே ஒரு சின்னக் கிழிசல் விழுந்தால் போதும், இழைகளின் போக்கிலேயே சரசரவென்று கீழே இறங்கிவிடும்.

பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டும் விரல் பக்குவம் வரவே இரண்டு, இரண்டரை வயதாகிவிடும். அதுவரை கெட்டி அட்டைப் புத்தகம்தான் சரி. அப்புறம் பக்கத்தின் மேல் மூலையைக் காட்டி, அதன் அடியில் விரலை நுழைத்துத் தள்ளச் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் எச்சில் தொட்டுப் புரட்டாமலும் இருக்க வேண்டும், பார்த்துத்தானே பழகுகிறார்கள்! இழைகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். ஈரம் பட்டதும் தண்ணீர் மூலக்கூறுகள் நடுவில் புகுந்து அந்தப் பிடியைத் தளர்த்திவிடும். நனைந்த தாள் தொட்டாலே பிய்வது இதனால்தான்.

மூலையை மடித்து அடையாளம் வைப்பதும் இழைகளை உடைக்கும் வேலைதான். காகிதத்தின் உறுதியை அளக்க, ஒரு துண்டை அறுந்து விழும்வரை முன்னும் பின்னும் மடித்துக்கொண்டே இருக்கும் கருவியே உண்டு. நூலகப் புத்தகத்துக்கு அதே சோதனையை நாம் ஆளுக்கொரு மடிப்பாக நடத்துகிறோம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த பல புத்தகங்களின் தாளில், தயாரிப்பின்போது சேர்த்த படிகாரத்தால் வந்த அமிலம் இருக்கிறது. அது இழைகளுக்குள் இருக்கும் செல்லுலோஸின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல மெல்ல வெட்டிக்கொண்டே போகும். அப்படி நொறுங்கிப்போன தாளில் ஓரிரு மடிப்புக்கே மூலை கையோடு வந்துவிடும். குழந்தைக்கு ஒரு துண்டு அட்டை கொடுங்கள். மயிலிறகு வைக்க ஆசைப்பட்டால் தாராளமாக வைக்கட்டும். பச்சை இலையும் பூவும் மட்டும் வேண்டாம், ஈரமும் கறையும் பக்கத்தில் ஏறிவிடும்.

இன்றைய மெல்லட்டைப் புத்தகங்கள் பலவற்றில் தையல் கிடையாது. தாள்களின் முதுகோரத்தை வெட்டி, சொரசொரப்பாக்கி, சூடான பசை தடவி அட்டையை ஒட்டுகிறார்கள். ஆறி இறுகிய பசை ஓரளவுக்குத்தான் வளையும். விரித்துக் கவிழ்த்து வைத்தால் அந்த இடத்தில் விரிசல் விட்டு, பக்கங்கள் உதிரத் தொடங்கும். அலமாரியில் முதுகின் உச்சியை விரலால் கொக்கி போட்டு இழுப்பதும் இதே மாதிரி சேதம்தான்; புத்தகத்தின் எடையோடு இருபுறமும் உள்ள புத்தகங்களின் நெருக்கலும் அந்த ஒரு நுனியில் விழுகிறது. பக்கத்துப் புத்தகங்கள் இரண்டையும் கொஞ்சம் உள்ளே தள்ளினால் நடுப்புத்தகத்தின் இடுப்பைப் பிடிக்கலாம். குழந்தைகளுக்கு இது ரொம்பப் பிடித்த வேலை.

வீட்டுப் பழக்கத்துக்கு நேர்மாறான விதி ஒன்றும் நூலகத்தில் உண்டு: எடுத்த இடத்திலேயே வைக்க முயல வேண்டாம், மேஜையில் வைத்துவிட்டு வா. புத்தகங்கள் பொருள்வாரியாக, எண் வரிசையில் நிற்கின்றன. இரண்டு தட்டு தள்ளி வைத்த புத்தகம் தேடி வருபவருக்குத் தொலைந்த மாதிரிதான். அமைதிக்கும் காரணம் இருக்கிறது. மின்விசிறிச் சத்தத்தை மூளை ஒதுக்கிவிடும். பேச்சுக் குரலை அப்படிச் சுலபமாக ஒதுக்க முடியாது. பக்கத்தில் பேச்சு கேட்டால், எண்களை வரிசையாக நினைவில் வைப்பதே தடுமாறுகிறது என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன.

இதற்காகப் புத்தகத்தைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்க வேண்டியதில்லை. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியல் விதிகளில் முதலாவதே, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதுதான். பயன்படுத்தினால் எப்போதாவது கிழியவும் செய்யும்.

கிழிந்தால் செல்லோ டேப்பைத் தேடாதீர்கள். அதன் பசை நாளடைவில் ஆக்சிஜனோடு வினைபுரிந்து மஞ்சளாகி, தாளுக்குள் ஊறி, எழுத்தையும் கறையாக்கிவிடும். மேலே இருக்கும் பட்டை மட்டும் தனியே உரிந்து விழும். பழைய நூல்களைச் செப்பனிடுபவர்கள் மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுச்சத்துப் பசையும் பயன்படுத்துகிறார்கள். வேண்டுமானால் ஈரப்படுத்தி எடுத்துவிடலாம் என்பதுதான் காரணம். நீங்கள் கிழிந்த துண்டை ஒரு கவரில் போட்டு, புத்தகத்தோடு குழந்தையின் கையாலேயே நூலகரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அன்றைக்குத் திட்டு மட்டும் வேண்டாம். திட்டு வாங்கிய குழந்தை அடுத்த முறை கிழிந்த புத்தகத்தைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவிடும்.