ரேஷன் கார்டின் நிறத்தை யார் முடிவு செய்கிறார்கள்?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் ரேஷன் கடை வாசலில் நின்றால் அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு: “அவிய ஊட்டுக்கு மஞ்சக் கார்டு, நமக்கு மட்டும் எதுக்கு வெள்ளை?” வேலந்தாவளம் தாண்டி தமிழ்நாட்டுப் பக்கம் உறவுக்காரர்கள் இருப்பவர்கள் இன்னொன்றும் சேர்த்துக் கேட்பார்கள்: “அங்க எல்லாருக்கும் அரிசி சும்மா குடுக்கறாங்களே, இங்க ஏன் இல்ல?” இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

யாரோ ஓர் அதிகாரி ஒவ்வொரு வீட்டின் வறுமையையும் அளந்து பார்த்து, இவ்வளவுக்குக் கீழே இருந்தால் மஞ்சள், இவ்வளவுக்கு மேலே போனால் வெள்ளை என்று பிரிக்கிறார் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். நடப்பது வேறு. முதலில் ஒரு மாநிலத்தில் மொத்தம் எத்தனை பேர் என்பது டெல்லியில் முடிவாகிறது. அந்த எண்ணிக்கைக்குள் யார் யார் என்பதை மாநில அரசு பிறகு தேர்ந்தெடுக்கிறது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் வேலை 9ஆம் பிரிவு, இரண்டாம் வேலை 10ஆம் பிரிவு. வரிசையைக் கவனியுங்கள். எண்ணிக்கை முன்னால் வருகிறது, குடும்பம் பின்னால் வருகிறது.

அந்த எண்ணிக்கை எப்படி வந்தது? நாடு முழுவதும் கிராமங்களில் 75 சதவீதம் பேர், நகரங்களில் 50 சதவீதம் பேர் வரை என்று சட்டம் உச்சவரம்பு வைத்தது. அதை மாநிலங்களுக்குப் பிரிக்க, 2011-12இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் குடும்பச் செலவுக் கணக்கைத் திட்டக் குழு எடுத்துக்கொண்டது. அகில இந்திய அளவில் அந்த 75, 50 சதவீதம் எந்தச் செலவு மட்டத்தில் வந்து நிற்கிறதோ, அதே மட்டத்தை எல்லா மாநிலத்துக்கும் வைத்து, அதற்குக் கீழே எத்தனை பேர் என்று பார்த்தார்கள். கேரளத்தில் ஆள் ஒருவருக்கு ஆகும் செலவு அதிகம். அதனால் கேரளத்தின் கிராமங்களில் 52.63 சதவீதம் பேரும் நகரங்களில் 39.50 சதவீதம் பேரும்தான் உள்ளே வந்தார்கள். பீகார் கிராமங்களில் இதே கணக்கு 85.12 சதவீதம். தமிழ்நாட்டில் கிராமம் 62.55, நகரம் 37.79.

இந்தச் சதவீதங்களை 2011 மக்கள்தொகைக் கணக்கோடு பெருக்கினால் கேரளத்துக்கு 154.80 லட்சம் பேர், தமிழ்நாட்டுக்கு 364.70 லட்சம் பேர். மாநிலத்தில் வறுமை கூடினாலும் குறைந்தாலும், 2011க்குப் பிறகு எத்தனை குழந்தைகள் பிறந்தாலும், இந்த எண் நகரவில்லை. வரம்பை மறுபடி கணக்கிடும்படி 2021 ஜூனில் புலம்பெயர் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பே தள்ளிப்போனது; அதன் கணக்குத் தேதி இப்போது 2027 மார்ச் 1.

இனி மாநிலத்தின் வேலை. 154.80 லட்சம் பேரை எப்படிப் பொறுக்குவது? வருமானத்தைக் கேட்டுப் பொறுக்கலாம் என்றால், நம் ஊரில் யாருடைய வருமானம் எழுத்தில் இருக்கிறது? கள்ளிறக்குபவருக்குச் சம்பளச் சீட்டு இல்லை. முதலமடை மாந்தோப்பில் காய் பறிக்கப் போகிறவருக்கு மாங்காய்க் காலத்தில் ஒரு வருமானம், மழைக்காலத்தில் வேறு. ஆகவே உலகம் முழுக்கச் செய்வதைப் போல, கண்ணுக்குத் தெரியாத வருமானத்துக்குப் பதில் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களைப் பார்க்கிறார்கள். வீடு, நிலம், வண்டி, உத்தியோகம்.

கேரளத்தில் இது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டம் நீக்கம். வீட்டில் அரசு, பொதுத்துறை அல்லது கூட்டுறவு ஊழியரோ ஓய்வூதியரோ இருந்தால், வருமான வரி கட்டினால், மாத வருமானம் 25,000 ரூபாயைத் தாண்டினால், ஓர் ஏக்கருக்கு மேல் நிலம் இருந்தால், வீடு 1,000 சதுர அடிக்கு மேல் இருந்தால், நாலு சக்கர வண்டி இருந்தால் முன்னுரிமைப் பட்டியலுக்கு, அதாவது அந்த 154.80 லட்சம் பேரின் பட்டியலுக்கு, வெளியே. பிழைப்புக்காக ஓட்டும் ஒரே டாக்சிக்கு விலக்கு உண்டு. நில வரம்பில் பழங்குடிக் குடும்பங்களுக்கும் விலக்கு உண்டு.

இரண்டாம் கட்டம் மதிப்பெண். மேலே சொன்ன எதிலும் சிக்காதவர்களை வரிசைப்படுத்த வேண்டும். புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு போன்ற தீராத நோய், ஊனம், சொந்த வீடில்லாமை, இடிந்த வீடு, கழிப்பறை இல்லாமை, பட்டியல் சாதி என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. மொத்தம் 30 வந்தால் முன்னுரிமைக்குத் தகுதி. நோய்க்கு மதிப்பெண் வைத்தது மிகச் சரியான முடிவு என்று நினைக்கிறேன். ஒரு குடும்பம் ஒரே மாதத்தில் தரைக்கு வருவது பெரும்பாலும் ஆஸ்பத்திரி வாசலில்தான். வீட்டின் சதுர அடி அந்த வீழ்ச்சியைக் காட்டாது, சிகிச்சைச் சான்று காட்டும்.

ஆனால் நில வரம்பு நம் பகுதிக்குப் பொருந்தாத ஒன்று. சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி மழை மறைவுப் பிரதேசம். எருத்தேம்பதியில் கிணறு வற்றிய ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காடும், ஆளியாற்றுத் தண்ணீர் பாயும் ஒன்றரை ஏக்கர் வயலும் கேரள விதிக்கு ஒன்றே. ஆந்திராவில் அரிசிக் கார்டுக்கு வகுத்த விதியில் நன்செய் 3 ஏக்கர், புன்செய் 10 ஏக்கர் என்று தண்ணீரைப் பார்த்துப் பிரித்திருக்கிறார்கள். அங்கே ஆறு மாதச் சராசரி மின்சாரம் 300 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. ஆந்திர விதிகளில் எனக்கு உடன்பாடில்லாதவையும் உண்டு, இருந்தாலும் நிலத்தைப் பற்றிய அந்த ஒரு வரி மண்ணை அறிந்தவர் எழுதியது. பாலக்காட்டின் வறண்ட பஞ்சாயத்துகளுக்கு அப்படி ஒரு வேறுபாடு வர வேண்டும் என்று நம் உள்ளாட்சி உறுப்பினர்கள் கேட்கலாம், கேட்க வேண்டும்.

இப்படித் தேர்ந்தவர்களுக்குள்ளும் இரண்டு அடுக்கு. மஞ்சள் கார்டு அந்தியோதயா. 2000 டிசம்பரில் தொடங்கிய திட்டம், ஏழைகளிலும் ஏழைகளுக்கானது. நிலமில்லாக் கூலிகள், ஆதரவற்ற விதவைகள், துணையில்லாத முதியோர், பழங்குடியினர் இதில் முன்னால் வருவார்கள். கேரளத்துக்கு இதில் ஏறத்தாழ 6 லட்சம் குடும்பங்கள் என்று தனி வரம்பு உண்டு. ரோஸ் கார்டு முன்னுரிமைக் குடும்பம். மஞ்சள் கார்டுக்கு வீட்டுக்கு 35 கிலோ, ரோஸ் கார்டுக்கு ஆளுக்கு 5 கிலோ. பலரும் கவனிக்காத ஒரு கணக்கு இதில் இருக்கிறது. ஏழு பேர் இருந்தால் இரண்டும் சமம். தனியாக இருக்கும் பாட்டிக்கு மஞ்சள் கார்டில் 35 கிலோ, ரோஸ் கார்டில் 5 கிலோ. எட்டுப் பேர் உள்ள வீட்டுக்கு ரோஸ் கார்டில்தான் அதிகம், 40 கிலோ. ஆகவே “மஞ்சளுக்கு மாற்றிக் கொடுங்கள்” என்று மனு எழுதும் முன் வீட்டில் தலைகளை எண்ணுவது நல்லது. 2023 ஜனவரியிலிருந்து இந்த இரண்டு வகைக்கும் தானியத்துக்கு மத்திய அரசு விலை வாங்குவதில்லை.

மிச்சமுள்ள நீலமும் வெள்ளையும் சட்டத்துக்கு வெளியே இருப்பவை. சட்டம் வருவதற்கு முன் கேரளம் வாங்கிக்கொண்டிருந்த அரிசி திடீரென்று குறைந்துவிடக் கூடாது என்று, கூடுதலாக ஒரு பங்கை கிலோ 8.30 ரூபாய்க்கு மத்திய அரசு தருகிறது. அதிலிருந்துதான் நீலத்துக்கு ஆளுக்கு 2 கிலோ, கிலோ 4 ரூபாய்க்கு. இடையிலுள்ள தொகை மாநிலக் கஜானாவின் சுமை. வெள்ளைக்கு 10.90 ரூபாய். வெள்ளைக் கார்டின் அளவு மாதத்துக்கு மாதம் மாறுவதற்குக் காரணம் இதுதான்: அது உரிமையாக வரும் அரிசியல்ல, கையிருப்பைப் பார்த்துப் பங்கிடும் அரிசி.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். எந்தச் சல்லடையிலும் இரண்டு தவறு நடக்கும். கண்ணைப் பெரிதாக்கினால் கல்லும் விழும், சிறிதாக்கினால் நல்ல மணியும் மேலேயே தங்கிவிடும். தகுதியில்லாதவர் உள்ளே வருவது ஒரு தவறு, தகுதியுள்ளவர் வெளியே நிற்பது இன்னொரு தவறு. ஒன்றைக் குறைக்கப் போனால் மற்றது கூடும். மொத்த எண்ணிக்கைக்குப் பூட்டுப் போட்டுவிட்டால் இது இன்னும் கடுமையாகிறது. உள்ளே தவறாக உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும், வெளியே நிற்க வேண்டியில்லாத இன்னொருவரின் இடத்தில் இருக்கிறார். கார் வைத்துக்கொண்டு மஞ்சள் கார்டில் அரிசி வாங்குவது அரசாங்கத்துக்கு ஏற்படும் சில்லறை நட்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த அரிசி பக்கத்துத் தெருவில் டயாலிசிஸ் செய்துகொண்டிருப்பவரின் அரிசி. 2022இல் கேரளம் ‘ஆபரேஷன் யெல்லோ’ என்ற பெயரில் தகுதியில்லாத கார்டுகளைத் தேடிப் பிடித்து, வாங்கிய பொருளுக்குச் சந்தை விலையை வசூலித்ததன் காரணம் இதுதான்.

இந்த எண்ணிக்கை ஆட்களின் எண்ணிக்கை என்பதையும் நினைவில் வையுங்கள். ரோஸ் கார்டில் ஒரு குழந்தையின் பெயர் ஏறினால் ஓர் இடம் நிரம்புகிறது. இறந்தவரின் பெயரை நீக்கினால் ஓர் இடம் காலியாகிறது. கார்டில் பெயருள்ள ஒவ்வொருவரும் நேரில் வந்து கைரேகை வைத்துத் தம்மை உறுதிசெய்யும் ‘மஸ்டரிங்’கைச் செய்யச் சொல்வது இதற்காகத்தான். மண்வெட்டி பிடித்தே ரேகை தேய்ந்தவர்களுக்குக் கருவிழியைப் பதியும் வழி உண்டு. விரல் பதியவில்லை என்றால் அதைக் கேட்டு வாங்குங்கள், பேசாமல் திரும்பி வராதீர்கள்.

தமிழ்நாடு ஏன் வேறு மாதிரி? 1997இல் ரேஷனை ஏழைகளுக்கு மட்டும் என்று மத்திய அரசு மாற்றியபோது தமிழ்நாடு பிரிக்க மறுத்தது. கேரளமும் தமிழ்நாடும் ஒன்றாகத்தான், 2016 நவம்பரில், கடைசி இரண்டு மாநிலங்களாக உணவுச் சட்டத்துக்குள் வந்தன. கேரளம் பட்டியலைப் பிரித்தது. 2016 அக்டோபரில் வரைவுப் பட்டியல் வெளிவந்ததும் லட்சக்கணக்கில் புகார் குவிந்தது. தமிழ்நாடு ஏட்டில் மட்டும் பிரித்துவிட்டு, முன்னுரிமை இல்லாத அரிசிக் கார்டுக்கும் 2011 ஜூனிலிருந்து கொடுத்துவரும் இலவச அரிசியைத் தொடர்ந்தது. செலவு அதிகம். ஆனால் அங்கே தேவையில்லாதவர் ஒருவர் வாங்கினால் பணம்தான் வீணாகும், தேவைப்படும் வீட்டில் உலை அணையாது. இரண்டில் எது நல்லது என்று கேட்டால் தயங்காமல் தமிழ்நாட்டு வழியையே சொல்வேன். எந்த அடையாளப் பட்டியலும் ஒரு வீட்டின் பசியைச் சரியாகச் சொல்லிவிட முடியாது.

ஆனால் அந்த வழிக்கும் எல்லையில் ஒரு சிக்கல் உண்டு. கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகப் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நமக்கு அது முக்கியம். எந்த மாநிலக் கடையிலும் தானியம் வாங்கவிடும் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ என்பது உணவுச் சட்டத்துக்குள் இருக்கும் கார்டுக்கு மட்டும்தான். தமிழ்நாட்டு ஸ்மார்ட் கார்டில் பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) என்றோ பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். (அந்தியோதயா) என்றோ இருந்தால் கேரளத்திலும் தானியம் வாங்கலாம். என்.பி.எச்.எச். (முன்னுரிமை இல்லாத குடும்பம்) என்றிருந்தால் அங்கே அரிசி கிடைக்கும், வேலந்தாவளம் தாண்டினால் கிடைக்காது. அதேபோல் கேரளத்து நீலமும் வெள்ளையும் பொள்ளாச்சியில் செல்லாது. ஊர் மாறிக் குடியேறியவர்கள் முதலில் பழைய கார்டிலிருந்து பெயரை நீக்கிச் சான்று வாங்க வேண்டும். ஆதார் ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் நிற்காது. அதன் பிறகு கேரள அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயாவில் விண்ணப்பித்தால் சித்தூர் தாலுகா சப்ளை ஆபீஸில் பெயர் சேர்ப்பார்கள். முன்னுரிமைக்கு மாற வேண்டுமென்றால், விண்ணப்பம் திறக்கும் மாதங்களில் சிகிச்சைச் சான்று, வீட்டின் பரப்பளவுச் சான்று, பஞ்சாயத்தின் சான்று எல்லாம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மதிப்பெண் போடுபவர் தாளில் இருப்பதைத்தான் கூட்டுவார். தாளில் வராத கஷ்டத்துக்கு அங்கே பூஜ்யம்தான்.