எண்ணிக்கை குறையும், பிடி இறுகும்

கொரோனா தொற்றிலிருந்து மீண்டவர்கள் சில மாதங்கள் கழித்து இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, வைரஸைப் பற்றும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) அளவு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டதே என்று கலங்குவதுண்டு. அளவு குறைவது உண்மைதான். ஆனால் அந்த ஒற்றை எண் சொல்லாமல் விடுவதே அதிகம்.

வைரஸ் நுழைந்ததும், அதன் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் ஸ்பைக் புரதத்தோடு ஓரளவேனும் பொருந்தும் பி செல்கள் எனும் வெள்ளணுக்கள் பெருகத் தொடங்குகின்றன. அவற்றில் ஒரு பகுதி உடனடியாக எதிர்ப்பொருள் சுரக்கும் செல்களாக மாறுவதால், அறிகுறி தோன்றிய ஓரிரு வாரங்களில் பெரும்பாலானோரின் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் தென்படுகின்றன. எதிர்ப்பொருள் வகைகளில் ஐஜிஎம் முதலில், ஐஜிஜி பிறகு என்பது பாடநூல் வரிசை. இந்த நோயில் பலருக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்தன.

அவசரத்துக்கு உருவான இந்தச் செல்களுக்கு ஆயுள் குறைவு. அவை சுரந்த ஐஜிஜி மூலக்கூறுகளும் சுமார் 3 வாரங்களுக்கொரு முறை பாதியாகக் குறைவதால், அளவு முதலில் வேகமாகச் சரிகிறது. பின்னர் அந்தச் சரிவு மெதுவாகிறது; எலும்பு மஜ்ஜையில் குடியேறிவிட்ட நீண்ட ஆயுள் கொண்ட பிளாஸ்மா செல்கள் சிறிதளவை ஓயாமல் சுரந்துகொண்டிருப்பதே காரணம். லேசான தொற்று கண்டவர்களிடமும் 7 மாதங்களுக்குப் பின் இத்தகைய செல்கள் காணப்பட்டன.

இதனினும் வியப்பானது நிணநீர் முடிச்சுகளுக்குள் நடப்பது. அங்கே ஒரு பி செல் பிரியும்போது, எதிர்ப்பொருளை வடிவமைக்கும் அதன் மரபணுவில் மட்டும் மிக வேகமாகத் திடீர் மாற்றங்கள் விழுகின்றன. பெரும்பாலானவை பயனற்றவை, சில கேடானவை. எப்போதாவது ஒன்று முன்னைவிட இறுக்கமாகப் பற்றும் வடிவத்தைத் தருகிறது. முடிச்சில் தேங்கியிருக்கும் வைரஸ் புரதத்தைப் பறித்தெடுத்து, உதவி டி செல் எனும் மற்றொரு வெள்ளணுவிடம் காட்டி, பிழைத்திருக்கும் அனுமதியைப் பெறுவதில் அத்தகைய செல்களே முந்துகின்றன, மற்றவை மடிகின்றன. மாதக்கணக்கில் நீளும் இந்த வடிகட்டலால், இரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைந்துவரும் அதே 6 மாத காலத்தில் மறுமுறை வைரஸ் வந்தால் விழித்தெழக் காத்திருக்கும், ஸ்பைக்கை அடையாளம் காணும் நினைவு பி செல்கள் பெருகுவதோடு, உருமாறிய வைரஸையும் பற்றும் திறனைப் பெறுகின்றன.

அப்படியிருந்தும் மறுதொற்று ஏன் வருகிறது? நினைவு செல்கள் விழித்துச் சுரக்கச் சில நாட்களாகும். அதற்குள் மூக்கில் வைரஸ் பெருகிவிடுகிறது. நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்படக் கூடுதல் நாட்கள் ஆவதால், அங்கே அவை பெரும்பாலும் உரிய நேரத்தில் உதவுகின்றன. 2021 நவம்பரில் அறியப்பட்ட ஒமிக்ரான், ஸ்பைக்கில் 30க்கும் மேற்பட்ட மாற்றங்களோடு வந்து பழைய எதிர்ப்பொருள்கள் பலவற்றின் பிடியிலிருந்து நழுவியது. அத்தகைய புதிய உருவைச் சந்திக்கும்போதும் உடல் புதிதாகத் தொடங்குவதில்லை. பழைய நினைவு செல்களே முந்திக்கொண்டு பெருகி, மாறாத பகுதிகளைப் பற்றும் எதிர்ப்பொருள்களையே அதிகம் சுரக்கின்றன.