க்ளிப் டைலை இழுத்துப் பிடிக்கும், அடியில் இருக்கும் காலி இடத்தை நிரப்பாது

வீடு கட்டுகிறவர்கள் இப்போதெல்லாம் நாலு வீடியோ பார்த்துவிட்டுத்தான் டைல்ஸ் வேலை பேச வருகிறார்கள். முதல் கேள்வியே "லெவலிங் க்ளிப் போட்டுத்தானே ஒட்டுவீங்க?" என்பதுதான். கேட்பது நல்லது, கேட்கத்தான் வேண்டும். ஆனால் க்ளிப் போட்டுவிட்டாலே வேலை சுத்தம் என்று நம்பி, தரை எப்படி இருக்கிறது, அடியில் பசை எப்படிப் பூசுகிறார்கள், ஓரத்தில் இடைவெளி விட்டார்களா என்று எதையுமே பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். மூலை உடைகிறது, தட்டினால் டொக்கு டொக்கு என்று கேட்கிறது, வெயில் காலத்தில் ஹால் நடுவில் டைல்ஸ் கூரை மாதிரி எழும்பி நிற்கிறது என்று பழுது பார்க்கக் கூப்பிடுகிற வீடுகளில் பல, க்ளிப் போட்டு ஒட்டிய வீடுகள்தான். மேலே பார்த்தால் கண்ணாடி போல மட்டம், அடியில் ஒன்றும் இல்லை.

க்ளிப் என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். பிளாஸ்டிக்கில் ஒரு தட்டையான அடிப்பகுதி, அதிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய தண்டு, அதில் ஒரு துளை. அடிப்பகுதி பக்கத்துப் பக்கத்து இரண்டு டைல்களுக்கும் கீழே போகும். துளையில் ஆப்பைச் செருகி இடுக்கியால் அழுத்தினால் இரண்டு டைலின் முகமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒரு டைல் தாழ்ந்தும் ஒன்று உயர்ந்தும் இருக்கும்போது ஆப்பை இறுக்கினால், பெரும்பாலும் உயர்ந்தது கீழே போவதில்லை, தாழ்ந்ததுதான் மேலே வருகிறது. அது மேலே வந்த அளவுக்கு அதன் அடியில் பசைக்கும் டைலுக்கும் நடுவே காற்று புகுந்துகொள்கிறது. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் பசை ஈரமாக இருக்கும்வரை சமாளித்துக்கொள்ளும். மூன்று, நான்கு மில்லிமீட்டரை க்ளிப்பை வைத்து இழுத்தால் அந்த டைல் மூலையில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படி வித்தியாசம் தெரிந்தால் டைலைத் தூக்கி, பசையைக் கூட்டியோ குறைத்தோ மறுபடி வைக்க வேண்டும். ஆப்பை இன்னும் இரண்டு அழுத்து அழுத்துவது தீர்வே இல்லை.

ஆகவே க்ளிப்புக்கு முன்னால் வர வேண்டியது நீளமான மட்டப்பலகை. அலுமினியப் பட்டை, 10 அடி நீளம், வளைவு இல்லாததாக. அதைத் தரையில் குறுக்கும் நெடுக்குமாக, மூலைவிட்டத்திலும் வைத்துப் பார்த்தால் எங்கே பள்ளம், எங்கே மேடு என்று தெரிந்துவிடும். 4x2 அடி மாதிரி பெரிய டைலைப் பசையில் ஒட்டுவதாக இருந்தால் 10 அடிக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம் இருக்கக் கூடாது. நம் ஊர்த் தரைகள் எதுவும் சாதாரணமாக அப்படி இருக்காது, எனவே முதல் நாள் வேலையே மேட்டைச் செதுக்கிப் பள்ளத்தை நிரப்புவதாகத்தான் இருக்க வேண்டும். "அதையெல்லாம் பசையிலேயே சரி பண்ணிக்கலாம்" என்று சொல்கிற மேஸ்திரியிடம் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். பசை மெல்லிய படலமாக இருந்து ஒட்டுவதற்கானது. பள்ளத்தில் அதைக் கொட்டி நிரப்பினால் காயும்போது சுருங்கும், சுருங்கும்போது டைலையும் இழுக்கும்.

லேசர் லெவல் இப்போது எல்லோர் கையிலும் வந்துவிட்டது, நல்லதுதான். பச்சைக் கோடு பகலிலும் ஓரளவு தெரிகிறது. ஆனால் சைட்டுக்கு சைட் பைக்கில் அடிபட்டு வருகிற கருவி அது, கீழே விழுந்த லேசரை அப்படியே நம்பக் கூடாது. சோதிப்பது சுலபம். அறை நடுவில் வைத்து ஒரு சுவரில் கோடு அடித்துப் புள்ளி வையுங்கள், திருப்பி எதிர்ச் சுவரில் புள்ளி வையுங்கள். பிறகு கருவியை முதல் சுவருக்கு அருகே கொண்டுபோய், கோடு முதல் புள்ளி மேல் விழுகிற உயரத்தில் வைத்து, எதிர்ச் சுவரில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். இரண்டாவது புள்ளியில் விழவில்லை என்றால் கருவி சரியில்லை. தண்ணீர் நிரப்பிய குழாயில் மட்டம் பார்க்கும் பழைய டியூப் லெவல் இன்றைக்கும் அருமையான கருவி, குழாய்க்குள் காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். மூலை சரியான கோணத்தில் இருக்கிறதா என்று பார்க்க 3, 4, 5 அடி கணக்கு (ஒரு சுவரில் 3 அடி, அடுத்ததில் 4 அடி அளந்தால் குறுக்கே 5 அடி வர வேண்டும்) ஒன்றே போதும், அதற்கு ஒரு டேப்பும் நூலும் தவிர வேறு செலவே இல்லை.

சரி, இப்போது எனக்கு மிக முக்கியமாகப்படுகிற கருவிக்கு வருகிறேன். பல் வெட்டிய கரண்டி. கடையில் நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாமான், ஆனால் பல சைட்டில் இது இருக்கவே இருக்காது. சாதாரணக் கரண்டியால் டைலின் பின்பக்கம் நான்கு மூலையில் நான்கு உருண்டை, நடுவில் ஒன்று என்று பசையை வைத்துச் சுவரில் அழுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த ஐந்து உருண்டைகளுக்கு நடுவில் இருப்பதெல்லாம் காலி இடம். சுவரில் அந்தக் காலி இடத்தில் ட்ரில் போட்டால் டைல் விரியும். தரையில் அதே இடத்தில் பீரோ காலோ, சிலிண்டரோ வந்தால் மூலை தெறிக்கும். பாத்ரூமில் தண்ணீர் அந்த வெற்றிடத்தில் தங்கி, பக்கத்து அறைச் சுவரில் பெயிண்ட் உப்பும்.

பல் கரண்டியில் பசையை முதலில் தட்டைப் பக்கத்தால் தரையோடு அழுத்தித் தேய்க்க வேண்டும், அப்புறம் பல் பக்கத்தால் ஒரே திசையில் நேர்கோடாக இழுக்க வேண்டும். வட்டம் வட்டமாக, விசிறி மாதிரி இழுப்பது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்த வளைவுகளுக்குள் காற்று மாட்டிக்கொண்டு வெளியே போக வழி இருக்காது. கோடுகள் டைலின் குட்டைப் பக்கத்துக்கு இணையாக இருந்தால் காற்று சீக்கிரம் வெளியேறும். டைலை வைத்ததும் கோட்டுக்குக் குறுக்காக முன்னும் பின்னும் லேசாக அசைத்தால் வரப்புகள் சாய்ந்து பள்ளங்களை நிரப்பிக்கொள்ளும். பல்லின் அளவு டைலைப் பொறுத்தது. சுவரில் ஒட்டும் 12x18 இன்ச் டைலுக்கு 6 அல்லது 8 மில்லிமீட்டர், 2x2 அடிக்கு 10, 4x2 அடிக்கு 12 என்று நான் வைத்துக்கொள்கிறேன். பெரிய டைலாக இருந்தால் அதன் பின்பக்கமும் மெல்லிசாக ஒரு பூச்சு பூசிவிட வேண்டும்.

பின்பக்கம் என்றதும் ஒன்று. புது டைலைப் பெட்டியிலிருந்து எடுத்து, பின்பக்கத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையாக மாவு மாதிரி ஒட்டும். சூளையில் உருளைகளில் டைல் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காகப் பூசுவது அது. ஈர ஸ்பாஞ்சால் துடைக்காமல் ஒட்டினால் பசை டைலைப் பிடிக்காது, அந்த மாவைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். உரித்து எடுத்த டைல்களில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பசை தரையில் வரி வரியாக அப்படியே கல்லாக இருக்கும், டைலின் முதுகு புதுசு போலச் சுத்தமாக வெள்ளையாக இருக்கும்.

வேலை நடக்கும்போது வீட்டுக்காரர் செய்யக்கூடிய ஒரே ஒரு சோதனை சொல்லுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன். ஒட்டிய ஐந்து நிமிடத்துக்குள் ஏதாவது ஒரு டைலை உறிஞ்சுப் பிடி (டைல் முகத்தில் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கைப்பிடி) போட்டுத் தூக்கச் சொல்லுங்கள். பின்பக்கத்தில் பசை எவ்வளவு பரவியிருக்கிறது என்று பாருங்கள். உலர்ந்த அறைகளில் 80 சதவீதமாவது, பாத்ரூம், பால்கனி, மொட்டைமாடியில் 95 சதவீதம் மூடியிருக்க வேண்டும், மூலைகள் நிச்சயம் நிரம்பியிருக்க வேண்டும். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை பாருங்கள். மதியம் ஏன் என்றால் நம் ஊர் சித்திரை வெயிலில் தரையில் இழுத்த பசை சீக்கிரமே மேலே ஏடு கட்டிவிடும். விரலை வைத்தால் ஒட்டாமல் வந்தால் அந்தப் பசை போச்சு, வழித்துப் போட்டுவிட்டுப் புதுசாகத்தான் இழுக்க வேண்டும். அதில் தண்ணீர் தெளித்துச் சமாளிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அனுமதிக்காதீர்கள். டைலைத் தூக்கச் சொன்னால் மேஸ்திரி முகம் சுளிக்கலாம். வேலை தெரிந்தவர் சுளிக்க மாட்டார், அவரே தூக்கிக் காட்டுவார்.

பசை என்று சொல்லிக்கொண்டே போகிறேன், வெறும் சிமென்ட் பாலில் ஒட்டக் கூடாதா என்று கேட்பீர்கள். தண்ணீர் உறிஞ்சுகிற பழைய செராமிக் டைலுக்கு, ஊறவைத்து ஒட்டினால் சிமென்ட் பிடித்தது, அது அந்த டைலின் குணம். இப்போது வாங்குகிற விட்ரிஃபைடு டைல் தண்ணீர் உறிஞ்சுவது 0.5 சதவீதத்துக்கும் கீழே. சிமென்ட் பாலுக்கு அதில் வேர் விட இடமே கிடையாது. டைல் பசைக்கு ஐ.எஸ். 15477 என்று இந்தியத் தரநிலை இருக்கிறது, 2019 பதிப்பில் ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறார்கள். மூட்டையிலேயே வகை எண் அச்சாகியிருக்கும், எந்த டைலை எங்கே ஒட்டலாம் என்பதும் எழுதியிருக்கும். வகை எண்ணோடு டி (T) என்ற எழுத்து இருந்தால் சுவரில் வழுக்கி இறங்காத ரகம். மூட்டையைப் பிரிப்பதற்கு முன் படித்துவிடுங்கள்.

மறுபடி க்ளிப். 2x2 டைலுக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டு, மூலையிலிருந்து ஏறக்குறைய இரண்டு இன்ச் தள்ளி. நீளமான டைலுக்கு அடிக்கு ஒன்று. க்ளிப்பின் அடிப்பகுதி போகும் இடத்திலும் பசை இருக்க வேண்டும், வழித்துவிட்டு வைக்கக் கூடாது. ஆப்பை டைல் முகங்கள் சேர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். தண்டு பட்டென்று அறுந்தால் அளவுக்கு மீறி இழுத்திருக்கிறார்கள் என்று பொருள். பசை நன்றாக இறுகிய பிறகு, சாதாரணமாக 24 மணி நேரம் கழித்து, ரப்பர் சுத்தியால் இணைப்புக் கோட்டின் திசையிலேயே தட்டினால் தண்டு முறிந்து ஆப்போடு தெறித்து வரும். குறுக்காகத் தட்டினால் டைல் விளிம்பு சில்லு போகும். ஆப்பைத் திரும்பப் பயன்படுத்தலாம், க்ளிப் ஒரு தடவைக்குத்தான். சிமென்ட், மணல் கலவையை மெத்தை மாதிரி கனமாகப் போட்டு ஒட்டும் பழைய முறையில் க்ளிப் போடுவதில் பெரிய பயன் இல்லை, அடியில் இருப்பதே இன்னும் அமுங்கிக்கொண்டிருக்கும்போது எதை வைத்து இழுப்பது?

செங்கல் கட்டு மாதிரி பாதிக்குப் பாதி மாற்றி ஒட்டுவது இன்னொரு தொல்லை. நீள டைல்கள் சூளையிலிருந்து வரும்போதே நடுவில் கொஞ்சம் வில் போட்டிருக்கும். ஒன்றின் நடுப்பகுதியும் அடுத்ததன் முனையும் சந்தித்தால் எந்த க்ளிப்பும் முழுசாகச் சரிசெய்யாது. இரண்டு டைலை முகத்தோடு முகம் வைத்து ஓரத்தில் பார்த்தால் வில் எவ்வளவு என்று தெரியும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளாமல் ஒட்டுவதுதான் சரி.

அடுத்து, என் மனதை மிகவும் வருத்துகிற 'பேப்பர் ஜாயின்ட்'. இடைவெளியே தெரியக் கூடாது என்று வீட்டுக்காரர்தான் கேட்கிறார், மேஸ்திரியும் சரி என்கிறார். கான்கிரீட் வருடக்கணக்கில் மெல்லச் சுருங்கிக்கொண்டே இருக்கும், டைலோ வெப்பத்தில் விரியும். 20 அடி ஹாலில் 20 டிகிரி வெப்பம் கூடினால் டைல் வரிசை முக்கால் மில்லிமீட்டர் அளவு நீள வேண்டும். நீள இடம் இல்லாவிட்டால், பிடிப்பு குறைந்த இடம் பார்த்து மேலே எழும்பும், சில சமயம் பட்டாசு மாதிரி சத்தத்தோடு. உட்புறத் தரையில் 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் ஸ்பேசர் (டைலுக்கு டைல் இடைவெளி காக்கும் பிளாஸ்டிக் துண்டு) வையுங்கள், 3 என்றால் எனக்கு நிம்மதி. க்ளிப் தண்டே இடைவெளி விட்டுவிடும் என்று ஸ்பேசரை விட்டுவிடாதீர்கள், வரிசை நேராக ஓட அது தனியாக வேண்டும். சுவர் ஓரத்தில் 5 மில்லிமீட்டராவது காலியாக விடுங்கள், சுவர் அடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துவிடும். அந்த ஓரத்தில் சிமென்ட் போட்டு அடைத்தால் விட்டதும் விடாததும் ஒன்றுதான். பெரிய ஹாலில் 20, 25 அடிக்கு ஒரு இணைப்பையும், வெயில் படும் மொட்டைமாடியில் 8 முதல் 12 அடிக்கு ஒன்றையும் வழக்கமாக இடைவெளியில் பூசும் கிரௌட்டுக்குப் பதிலாக நெகிழும் சீலன்ட் கொண்டு நிரப்ப வேண்டும்.

பாத்ரூம் தரையில் க்ளிப்பை யோசித்துப் போடுங்கள். அங்கே நமக்கு மட்டம் வேண்டாம், வாட்டம் வேண்டும். நான்கு பக்கமும் ஜாலியை (தண்ணீர் வெளியேறும் சல்லடை மூடியை) நோக்கிச் சரிய வேண்டிய இடத்தில் பெரிய டைலைப் போட்டு க்ளிப்பால் சமப்படுத்தினால் தண்ணீர் அங்கேயே நிற்கும். சின்ன டைல் போடுங்கள், இல்லாவிட்டால் ஒரு சுவர் ஓரமாக நீள ஜாலி வைத்து ஒரே பக்கமாக வாட்டம் கொடுங்கள். சுவரில் என்றால் கீழ் வரிசையைக் கடைசிக்கு விட்டுவிட்டு, லேசர் கோட்டில் ஒரு பட்டை அடித்து இரண்டாவது வரிசையிலிருந்து ஏறுவதுதான் முறை. தரை வாட்டமாக இருக்கும்போது தரையிலிருந்தே ஏறினால் மேலே போகப் போகக் கோணலாகும்.

வேலை செய்கிறவர்களைப் பற்றிப் பேசாமல் முடிக்க மனமில்லை. 4x2 விட்ரிஃபைடு டைல் ஒன்று ஏறக்குறைய 15 கிலோ. விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். உறிஞ்சுப் பிடி இல்லாமல் இதைத் தூக்கச் சொல்வது விரலைப் பணயம் வைப்பது. சொரசொரப்பான டைலில் அந்தப் பிடி நிற்காது, அங்கே இரண்டு ஆள் வேண்டும். அதைவிடக் கவலை தூசி. மூடிய அறைக்குள் பிளேடு கவசத்தைக் கழற்றிவிட்டு உலர்வாக வெட்டுகிறார்கள், இருபது வயதுப் பையன்கள் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அந்த வெள்ளைத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தழும்பாகத் தங்கினால் குணப்படுத்த மருந்து கிடையாது, துண்டு அதைத் தடுக்காது. நேர் வெட்டுக்குக் கையால் இழுக்கும் கட்டர் இருக்கிறது, கோடு கீறி முறிப்பதால் தூசி மிகக் குறைவு. மெஷின்தான் வேண்டும் என்றால் தண்ணீர் விட்டு, வெளியில் வைத்து, என்95 முகக்கவசத்தோடு வெட்டட்டும். தண்ணீரும் மின்சாரமும் சேருவதால் அந்த லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முகக்கவசப் பெட்டி ஒன்றை வீட்டுக்காரரே வாங்கி சைட்டில் வைத்துவிடலாம், டைல்ஸ் பில்லில் அது கண்ணுக்கே தெரியாத செலவு.