வார்டுக்கு வரும் பள்ளி மாணவர்களுக்கு எதைக் காட்ட வேண்டும்?

‘நர்ஸ் என்ன வேலை செய்வார்?’ என்று மேல்வகுப்பு மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ‘ஊசி போடுவாங்க’ என்பார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘டாக்டர் சொல்றதைச் செய்வாங்க’ என்று சேர்த்துக்கொள்வார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? உடம்பு சரியில்லாதபோது அரைக்கண் திறந்து பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறார்கள்.

வார்டில் நெடுங்காலம் வேலை பார்த்த எனக்கு, பார்வையிட வரும் பள்ளி மாணவர்களைக் கூட்டிப்போகும் பொறுப்பும் உண்டு. பள்ளிகள் பெரும்பாலும் ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளை அனுப்புகின்றன. வரவேற்பறை, ஸ்கேன் அறை, ஐசியூவின் கண்ணாடிக் கதவு, அரங்கத்தில் ஓர் உரை, கடைசியில் குரூப் போட்டோ. பிள்ளைகள் கட்டடத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். செவிலியர் என்ன செய்கிறார் என்பதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் கேட்பது வேறு. ஒரு வார்டுக்கு நான்கைந்து பேர் போதும். ட்யூட்டி மாறும் நேரத்துக்கு வரட்டும். இரவு ட்யூட்டி முடித்தவர் காலை ட்யூட்டிக்கு வந்தவரிடம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்லி ஒப்படைப்பதை, நோயாளி சம்மதித்தால், கட்டில் பக்கத்திலேயே நின்று கேட்கட்டும். ‘ராத்திரி சிறுநீர் குறைவா போயிருக்கு, டாக்டருக்குச் சொல்லியாச்சு, மணிக்கொரு தடவை அளவு பாருங்க’ என்பது போன்ற ஒரு வரி காதில் விழுந்தால் போதும், கேள்வி வரும்: ‘சிறுநீரை எதுக்கு சிஸ்டர் அளக்கிறீங்க?’

அங்கேதான் பாடம் தொடங்குகிறது. பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லியாவது சிறுநீர் வர வேண்டும் என்பது நாங்கள் வைத்திருக்கும் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லி. அது தொடர்ந்து குறைந்தால் உடலில் நீர் போதவில்லை, ரத்த அழுத்தம் இறங்குகிறது, சிறுநீரகம் தடுமாறுகிறது என்று பல காரணங்கள் இருக்கலாம். எது என்று பார்க்க டாக்டர் வருவார். ஆனால் அவரைக் கூப்பிட வேண்டிய நேரம் இது என்று கண்டுபிடிப்பது பக்கத்தில் இருக்கும் செவிலியர்தான். இதைக் கேட்ட பிறகு ‘டாக்டர் சொல்றதைச் செய்வாங்க’ என்ற பதில் தானாகக் கரைந்துவிடும்.

மூச்சை எண்ணுவதும் அப்படித்தான். எண்ணுகிறோம் என்று தெரிந்துவிட்டால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே, நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை ஒரு முழு நிமிடம் எண்ணுவோம். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. உடல்நிலை மோசமாகத் தொடங்கும்போது பல நேரம் முதலில் மாறுவது இந்த எண்தான். பிள்ளைகளை இருவர் இருவராக உட்காரவைத்து ஒருவரை ஒருவர் எண்ணச் சொல்வேன். சிரிப்பை அடக்க முடியாமல் முதல் முயற்சி எப்போதும் பாழாகிவிடும், பரவாயில்லை.

பயிற்சி அறையில் ஒரு சலைன் பாட்டிலைத் தொங்கவிட்டு, கீழே ஒரு கிண்ணம் வைத்துக் கணக்கு கொடுப்பதும் உண்டு. ஒரு லிட்டர், 8 மணி நேரத்தில் ஏற வேண்டும். சலைன் ஏற்றும் குழாய் செட்டின் உறையில் மில்லிக்கு 20 சொட்டு என்று போட்டிருக்கிறது. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 20,000 சொட்டை 480 நிமிடத்தால் வகுத்தால் ஏறத்தாழ 42. விடை சொல்வதோடு விடமாட்டேன். வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு குழாயின் உருளையை நகர்த்தி 42 சொட்டு விழ வைக்கச் சொல்வேன். கணக்கில் கெட்டிக்காரர்கள் பலரும் திணறும் இடம் இது.

கை கழுவுவதைக் காட்ட ஒளிரும் ஜெல்லும் புற ஊதா விளக்கும் இருந்தால் நல்லது. ஜெல்லைப் பூசி, வழக்கம்போலக் கழுவிவிட்டு விளக்கின் கீழ் கையை நீட்டினால், கட்டைவிரலும் நகக்கண்ணும் மின்னும். சோப்புப் போட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடி ஆகும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை அதற்கப்புறம் நம்புவார்கள்.

வருமுன் பள்ளியோடு சில விஷயங்களைக் கண்டிப்பாகப் பேசிவிட வேண்டும். சளி, காய்ச்சல் இருப்பவர் அன்று வரக்கூடாது. போன் வார்டுக்கு வெளியேதான். நோயாளி வேண்டாம் என்றால் அந்தக் கட்டில் பக்கமே போகக்கூடாது. கேட்டது எதையும் வீட்டிலோ நண்பர்களிடமோ பெயர் சொல்லிப் பேசக்கூடாது. தொற்றுநோய் வார்டும் பிரசவ அறையும் இந்த வயதினரின் பார்வைக்கு ஏற்ற இடங்கள் அல்ல. அப்புறம், சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு நெடுநேரம் நின்று, ரத்தத்தையும் பார்த்தால் யாருக்கும் தலை சுற்றும். சுற்றினால் படுக்கவைத்துக் காலைக் கொஞ்சம் தூக்கி வைத்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். ‘இவளுக்கு இந்த வேலை சரிப்படாது’ என்று பக்கத்தில் நிற்கும் ஆசிரியர் சொல்லாமல் இருந்தால் பெரிய உதவி. முதல்முறை மயங்கியவர்கள் நல்ல செவிலியர்களாக இருக்கிறார்கள்.

உலகில் செவிலியர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேர் பெண்கள். பையன்கள் அந்த வரிசையின் கடைசியில் நின்று போனைத் தேடுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆண் செவிலியர் ஒருவர் வந்து பேசினால் அவர்களும் முன்னே வருகிறார்கள். டயாலிசிஸ், அறுவை அரங்கு, தொற்றுக் கட்டுப்பாடு, மனநலம், வீடு தேடிச் சென்று செய்யும் பராமரிப்பு, கற்பித்தல், ஆராய்ச்சி என்று எத்தனை கிளைகள் இருக்கின்றன என்பதும் அப்போது பேச்சில் வரும். புள்ளிவிவரம் பிடித்தவர்களுக்கு, செவிலியர் பணியின் முன்னோடியான ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலைச் சொல்வேன். கிரிமியப் போரில் காயங்களைவிட நோயால் இறந்த வீரர்களே அதிகம் என்பதை அவர் 1858இல் வண்ண வரைபடமாக்கிக் காட்டினார். நம் பாடப்புத்தகங்களோ கையில் விளக்கைக் கொடுத்ததோடு அவரை விட்டுவிட்டன.

வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள். 2023இல் உலகில் ஏறத்தாழ 2.98 கோடி செவிலியர்கள் இருந்தும் இன்னும் 58 லட்சம் பேர் தேவைப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. தேவை இருக்கிறது என்பதற்காக அழகாக மட்டும் காட்டக்கூடாது. இரவு ட்யூட்டி உண்டு, முதுகுவலி உண்டு. உறவினர்கள் கத்துவதையும் கேட்க வேண்டியிருக்கும். நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவர் இன்று இறந்துபோவார், அடுத்த கட்டிலுக்கு மருந்து கொடுக்கப் போயாக வேண்டும். சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் மழுப்பாமல் சொல்லிவிடுவது நல்லது. இதையெல்லாம் கேட்டுவிட்டு, ‘எனக்கு வேண்டாம் சிஸ்டர்’ என்று ஒரு பிள்ளை சொன்னால் அந்த வருகை வீண் என்று நான் நினைப்பதில்லை. படிப்பில் சேர்ந்து பாதியில் விடுவதைவிட இப்போதே தெரிந்துகொள்வது மேல்.

பள்ளிகளிடம் ஒரே ஒரு வேண்டுகோள். கடைசித் தேர்வு முடிந்து, எந்தக் கல்லூரி என்று அலையும் மாதத்தில் அனுப்பாதீர்கள். அறிவியல் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் முன்பே, ஒரு வகுப்பு முன்னதாக அனுப்புங்கள். உயிரியலை விட்டுவிட்ட பிறகு ஆசை வந்தால், பல இடங்களில் விண்ணப்பிக்கவே வழியிருக்காது.